பாட்டு டீச்சரின் நோட்டும் என் கம்ப்யூட்டரும்



நம் பள்ளியில் பாட்டு டீச்சர் இருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆண்டு விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் அவர்களே மெட்டுப் போட்டு உங்களைப் பாட வைத்தார்கள். அவர்கள் காலமான பிறகு அந்த ஸ்வர நோட்டை அவர்களுடைய மகள் தொப்பூர் வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் 23 பாட்டு. மை மங்கிவிட்டது. தாளைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன்.

ச ரி க ம அடிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் புள்ளியில் இருக்கிறது. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. தமிழில் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து! மேல் ச-வுக்கு ச் என்று அடித்துச் சமாளிக்கலாம். ஆனால் ரி, நி இரண்டுக்கும் ஏற்கனவே மேல்விலங்கு இருக்கிறது. அங்கே புள்ளியைத் தட்டினால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வட்டம் வந்து நிற்கிறது. அடிப்புள்ளிக்கோ சாவியே இல்லை. கடைசியில் மேல் ஸ்தாயிக்கு ச' என்றும் கீழ் ஸ்தாயிக்கு நி. என்றும் வைத்துக்கொண்டேன். பார்க்க அழகில்லை, ஆனால் எந்தப் போனில் திறந்தாலும் மாறாது.

அடுத்தது தாளம். வேர்டில் இடைவெளி விட்டு அடித்தால் ஸ்வரமும் அதன் கீழே உள்ள சாகித்தியமும் ஒன்றுக்கொன்று நகர்ந்துவிடுகின்றன. எக்செல்தான் கைகொடுத்தது. ஆதி தாளத்துக்கு 8 கட்டம், நாலு, இரண்டு, இரண்டு என்று நடுவில் கோடு. மேல் வரிசையில் ஸ்வரம், கீழ் வரிசையில் சொல். இரண்டாம் காலத்துக்கு மேல்கோடு போட வழி தெரியாமல் அடிக்கோடு போட்டேன்.

பெங்களூரில் இருக்கும் என் பேரன் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அதில் மேல்நாட்டு ஐந்து கோட்டு முறை. என் சாவியை அமுக்கி, கால அளவுக்கு ஓர் எண்ணைத் தட்டி, பிறகு ஏ முதல் ஜி வரை எழுத்தை அடித்தால் கோட்டில் ஏறிவிடுகிறது. ச-வை சி என்று வைத்துக்கொண்டு ஒரு தோடி மெட்டை ஏற்றினோம். வாசிக்கவும் செய்தது. ஆனால் தோடியின் காந்தாரம் ஆடாமல் நின்றால் அது தோடியா? கட்டை கட்டையாகக் கேட்டது. 1940-இல் வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கியபோது, அதில் கமகம் வராது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1971 வரை அந்தத் தடை இருந்தது.

இதை நினைக்கும்போது சுப்பராம தீட்சிதர் மேல் மலைப்பு வருகிறது. 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான அவருடைய சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி உண்டு. தெலுங்கு எழுத்துக்கு மேல் அத்தனை குறிகளையும் ஈய அச்சில் எப்படித்தான் கோத்தார்களோ! தமிழில் கருணாமிர்த சாகரம் தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம்ம ஆள் என்று எனக்கு ஒரு தனிப் பெருமை.

டீச்சர் நோட்டில் கமகக் குறியே இல்லை. தான் பாடப்போவதற்கு எழுதியதுதானே, குறி எதற்கு? ஸ்வரம் இப்போது எக்செலில் பத்திரமாக இருக்கிறது. எங்கே அசைத்தார்கள், எங்கே இழுத்தார்கள் என்பது உங்கள் தொண்டையில்தான் இருக்கிறது.

ஆகவே அவர்களிடம் பாடியவர்கள் நினைவுள்ள வரை பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு அடி போதும். லாரிச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்துப் பாடுங்கள், நம் கணவாய்ப் பக்கம் அது கஷ்டம்தான். எட்டாவது பாட்டுக்கு ராகப் பெயரும் இல்லை, தாளமும் இல்லை. விளையாட்டு விழா அணிவகுப்பில் பாடியது என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறது. முதலில் அதை யாராவது அனுப்புங்கள்.