பாதாளக் கோட்டைக்கும் மடை வேணும்

ரொம்ப நாளா பதிவு போடல. கண்ணுல புரை எடுக்க மெட்ராஸ் போயிருந்தேன். ஆழ்வார்பேட்டையில தம்பி வீடு இருக்கு, பத்து நாள் அங்கதான் தங்கல். எப்பவும் நடவு, களை, ஏரித்தண்ணின்னு எழுதற ஆளு, இன்னிக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதறேன். ஆனா இதுலயும் மடை வருது, வாய்க்கால் வருது. பொறுமையாப் படிங்க.

தம்பி மகனுக்கு 19 வயசு. பரீட்சை ஒண்ணு ரெண்டு தடவை எழுதி, நெனச்ச சீட்டு கெடைக்கல. அதுலேருந்து வெளிய தெருவ எட்டிப் பார்க்கறதில்ல, போன் எடுக்கறதில்ல. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நாலு பிள்ளைங்க வீட்டுக்கு வருவாங்க, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் விளையாடுவாங்க. அவன் வாய்விட்டுப் பேசறது அந்த நாலு மணி நேரம்தான். தம்பிக்கு அது பிடிக்கல. "படிக்கிற வயசுல பூதக் கதை பேசிக்கிட்டு இருக்கான்ணா"ன்னு எங்கிட்ட ஆதங்கப்பட்டான்.

விளையாட்டு பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது. டன்ஜன்னா நம்ம ஊர்ல சொல்ற பாதாளச் சிறை, நிலவறை. ஒருத்தர் கதை சொல்லி. அவரை டன்ஜன் மாஸ்டர்ங்கிறாங்க. மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம், ஒருத்தர் வாள் வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். "எதிர்ல ரெண்டு கதவு இருக்கு, என்ன பண்றீங்க?"ன்னு கதை சொல்லி கேப்பாரு. இவங்க முடிவு சொல்லணும். செய்யறது பலிக்குதா இல்லையாங்கிறதை 20 முகம் உள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். கண்ணுல கட்டோட ஹால்ல உக்காந்திருந்த எனக்கு நல்ல வசதி. பாக்க ஒண்ணும் இல்ல, காதால கேட்டாலே கூத்து புரியுது.

இதுல கதை சொல்லிக்கு முக்கியமான வேலை வரைபடம். கட்டம் போட்ட தாள்ல அறை, படி, சந்து எல்லாம் வரையணும். இப்போ பெரும்பாலும் ஒரு கட்டம்னா 5 அடி கணக்கு. நம்ம பிள்ளை ஒரு மலைக்கோட்டைக்கு அடியில முப்பது அறை வரைஞ்சிருந்தான். கீழ்க்கோடி அறையில திருடுபோன சாமி சிலை. ரெண்டு வாரம் ராத்திரி கண்ணு முழிச்சு வரைஞ்சதாம்.

வந்த பிள்ளைங்க கோட்டை வாசல் பக்கமே போகல. "கோட்டைன்னா கிணறு இருக்குமே, கயிறு கட்டி அதுல எறங்கறோம்"னாங்க. வரைபடத்துல கிணத்துலேருந்து வழி இல்ல. இவன் இல்லைன்னு சொல்ல, அவங்க வேற வழி கேக்க, அதுவும் இல்லைன்னு சொல்ல, ரெண்டு மணி நேரம் அப்படியே போச்சாம். வரைஞ்ச முப்பதுல நாலு அறைகூட அவங்க பாக்கல.

அதனால அடுத்த வாரம் வரைபடத்தையே தூக்கிப் போட்டுட்டான். அவங்க எந்தப் பக்கம் போனாலும், அடுத்து என்ன வரணுமோ அதை அங்க கொண்டு வந்து வச்சான். அன்னிக்குத்தான் நான் ஹால்ல இருந்தேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. நடுவுல அந்த நாலு பேர்ல ஒரு பொண்ணு நிறுத்தி கேட்டுச்சு: "நாங்க இடது கதவைத் தொறந்திருந்தாலும் இதே ராட்சசன்தானே வந்திருப்பான்?" இவன் பதில் பேசல. "அப்போ நாங்க எதுக்கு யோசிச்சு முடிவு பண்ணணும்? நீயே கதையைச் சொல்லிடேன், கேட்டுட்டுப் போறோம்"னுச்சு. போகும்போது, அடுத்த வாரம் வர்றது சந்தேகம்னு சொல்லிட்டுப் போச்சு.

அன்னிக்கு ராத்திரி பையன் சாப்பிடல. "எதுக்கு பெரியப்பா, நிறுத்திடலாம்னு தோணுது"ன்னான். அவன் நிறுத்திட்டா அந்த நாலு மணி நேரப் பேச்சும் நின்னுடும். எனக்கு அதுதான் மனசுல உறுத்துச்சு.

படுக்கையில புரண்டுக்கிட்டே யோசிச்சேன். அந்தப் பொண்ணு கேட்டது எங்க ஊர் கடைமடைக்காரன் கேக்கற கேள்விதான். எந்த மடையைத் தொறந்தாலும் தண்ணி ஒரே வயலுக்குத்தான் போகும்னா, நீர் பாய்ச்ச ஆள் எதுக்கு? முதல் வாரம் பையன் பண்ணது அதுக்கு நேர் எதிர், ஒரே ஒரு வாய்க்கால் வெட்டி சிமெண்டு பூசிட்டான். ரெண்டுலயும் விவசாயம் நடக்காது.

நாம எப்படிப் பண்றோம்? நிலத்தோட மேடு பள்ளம் மாறாது. ஏரி மேல இருக்கு, வயல் கீழ இருக்கு. அதை யாரும் ராத்திரியோட ராத்திரியா மாத்த முடியாது. மாறுறது மடை மட்டும்தான். ஒரு மண்வெட்டி மண்ணை இங்க எடுத்து அங்க போட்டா, அதே வாய்க்கால்ல தண்ணி வேற கழனிக்குப் போவும். மேடு பள்ளம் நிலையா இருக்கறதாலதான் மடைக்கு அர்த்தம் இருக்கு. பாதாளக் கோட்டைக்கும் எது மேடு பள்ளம், எது மடைன்னு பிரிச்சுட்டா போதும்னு பட்டுச்சு.

காலையில பையன்கிட்ட சொன்னேன். மொதல்ல சிரிச்சான், அப்புறம் நிமிர்ந்து உக்காந்தான். பரண்ல கெடந்த பழைய கல்யாணப் பத்திரிகைங்கள எடுத்து சதுரமா 12 அட்டை வெட்டினோம். ஒரு அட்டைக்கு ஒரு அறை. எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் பக்கத்து அட்டையோட வழி ஒட்டிக்கிற மாதிரி, ஓரத்துல ஒரே அளவுல வாசல் விட்டோம். இதை நாங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. பையன் போன்ல தேடிப் பாத்துட்டு, அந்த விளையாட்டைப் போட்ட கம்பெனியே 1976-ல் இந்த மாதிரி ஒட்டிக்கிற வரைபடத் துண்டுங்கள வித்திருக்குன்னு காட்டினான். ஜியோமார்ஃப்னு பேராம்.

அப்புறம் ஒரு தாள்ல மேடு பள்ளம் எழுதினோம். சிலை இருக்கறது எல்லாத்துக்கும் கீழ. கிணத்துத் தண்ணி கசிஞ்சு கீழ் அறைங்கள்ல முழங்கால் அளவு நிக்கும். காவக்காரனுங்க சமைக்கிற இடத்துலேருந்து புகை வரும். ராட்சசன் இருக்கற பக்கம் நாத்தம் அடிக்கும். இதெல்லாம் மாறவே கூடாது. அப்போதான் கதவுகிட்ட நிக்கறவன் மோந்து பாத்து, காது குடுத்துக் கேட்டு, புத்தியா முடிவெடுப்பான். இடது பக்கம் நாத்தம், வலது பக்கம் தண்ணிச் சத்தம்னு தெரிஞ்சு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா அது அவனோட முடிவு. ஒண்ணும் தெரியாம கையை நீட்டினா அது தாயக்கட்டை மாதிரிதான்.

மடை எதுன்னா, யாரும் இன்னும் பாக்காத அறைங்க. அது எந்த வரிசையில வரும், எந்தக் கதவு பூட்டியிருக்கும், காவக்காரன் இப்போ எங்க சுத்தறான், இதெல்லாம் கதை சொல்லி திருப்பிக்கலாம். அதுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வச்சோம்: பாத்ததும் கேட்டதும் மாறக்கூடாது. பாய்ஞ்ச தண்ணியைத் திரும்ப ஏரிக்கு அனுப்ப முடியுமா?

இன்னொண்ணு, எந்த அறைக்கும் ஒரே வாசல் வைக்கக் கூடாதுன்னேன். பாரதக் கூத்துல அபிமன்யு கதை தெரியுமே. சக்கரவியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது. கூத்துல அழறதுக்கு அது சரி, விளையாட்டுக்கு ஆகாது. பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டுல கல்லு வச்சுப் போட்ட பழைய ஏழு சுற்றுக் கோட்டை இருக்கு. பாக்கறதுக்குப் பெரிய புதிர் மாதிரி இருக்கும், ஆனா அந்த மாதிரி கோட்டையில வழி ஒண்ணேதான். சுத்திச் சுத்தி நடந்தா நடுவுக்குப் போயிடலாம், முடிவெடுக்க ஒண்ணும் இல்ல. ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்க. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. தலைமுறை தலைமுறையா கோயில் மண்டபக் கல்லுல செதுக்கி வச்ச அதே கோடுங்கதான். ஆனாலும் ஒரு ஆட்டம் மாதிரி இன்னொரு ஆட்டம் வராது. எந்தப் புள்ளியில நின்னாலும் போக ஒரு வழிக்கு மேல இருக்கறதாலதான்.

அமெரிக்காவுல ஜென்னல் ஜேக்குவேஸ்னு ஒரு அம்மா இந்த விஷயத்துல பேர் வாங்கினவங்களாம். 1979-ல் அவங்க போட்ட த்ரேசியா குகை வரைபடத்துல உள்ள நுழையவே பல வழி, மேல் தளத்துக்கும் கீழ் தளத்துக்கும் நடுவுல பல படி, போன வழி வேற பக்கமா சுத்தி வந்து சேரும். 2024 ஜனவரியில காலமாயிட்டாங்க. அவங்க வரைபடத்தைப் பாத்து இன்னிக்கும் பிள்ளைங்க பாடம் படிக்கிறாங்கன்னு பையன் சொன்னான்.

அதுக்கு ஏன் அமெரிக்கா வரைக்கும் போகணும், ஆழ்வார்பேட்டையே போதும். மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைச்சிருந்தாங்க. கண்ணு காட்டப் போன மூணு தடவையும் ஆட்டோ தம்பி மூணு வழியில கூட்டிட்டுப் போனாரு. ஒரு நாள் எல்டாம்ஸ் ரோடு, ஒரு நாள் உள் சந்து. வழி மாறுச்சே தவிர ஆஸ்பத்திரி இருந்த இடத்துலதான் இருந்துச்சு.

சிலை இருக்கற அறைக்கு இன்னொரு வழி என்ன வைக்கலாம்னு பையன் கேட்டான். ஏரிக்கு வைக்கிற மாதிரி ஒரு தூம்பு வைடான்னேன். ஆள் குனிஞ்சு தவழ்ந்து போற அளவுக்கு, மலைக்கு வெளிய போய்த் திறக்கற தூம்பு. கிணத்துத் தண்ணி கசிஞ்சா அது எங்கயாவது வடியணும் இல்லையா?

சனிக்கிழமை நாலு பேரும் வந்தாங்க, அந்தப் பொண்ணும் வந்துச்சு. கடைசித் தடவை வந்து பாக்கறேன்னு சொல்லித்தான் உக்காந்துச்சு. ஒவ்வொரு கதவுகிட்டயும் நின்னு நோண்டி நோண்டிக் கேட்டுச்சு. புகை எந்தப் பக்கம், தண்ணி ஓடுதா நிக்குதான்னு. நடுவுல, "தண்ணி ஓடுதுன்னா வெளிய போக ஒரு ஓட்டை இருக்கணுமே"ன்னுச்சு. பையன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மலையைச் சுத்தி வந்து தூம்பைத் தேடிக் கண்டுபிடிச்சு, காவக்காரன் ஒருத்தன் கண்ணுலயும் படாம சிலையைத் தூக்கிட்டாங்க. ராட்சசனைப் பாக்கவே இல்ல. பையன் அவனுக்காக ஒரு மணி நேரம் உழைச்சிருந்தான், ஆனா அந்த அட்டையை எடுத்து அவங்க முன்னாடி வைக்கல. 12 அட்டையில மேசைக்கு வந்தது 5 தான். மிச்சம் 7-ம் அடுத்த வாரத்துக்கு ஆகும். போன தடவை மாதிரி ஒண்ணும் வீணாகல.

ஒன்பது மணிக்கு முடியறது பத்தரை ஆச்சு. தம்பி ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தான், ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில காப்பி குடிக்கும்போது மகன்கிட்ட, "வர்ற சனிக்கிழமை எத்தனை பேருடா? டிபன் சொல்லணுமே"ன்னு கேட்டான். பையனோட பரீட்சை இன்னும் அப்படியேதான் இருக்கு, அதுக்கு எங்கிட்ட அட்டை இல்ல. ஆனா கேட்டதும் அவன் போன் எடுத்து நாலு பேருக்கும் அவனே பேசினான்.

வீட்டுல பிள்ளைங்க இந்த மாதிரி ஏதாவது வரைஞ்சுக்கிட்டு இருந்தா, ஒரு தடவை பக்கத்துல உக்காந்து, இதுல மாறாதது எது, மாறுறது எதுன்னு கேட்டுப் பாருங்க. நான் ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதால கழனியில எறங்கல, வரப்புலேருந்து கை காட்டறதோட சரி. நாளைக்கு காலையில மும்முனை கரண்ட் வருது, மேலக் கழனிக்கு மடை திருப்பணும்.