ஒதுக்கி வைத்த தம்ளர்

2005ஆம் ஆண்டு என் தம்பி வெளியூர் வேலையை விட்டுவிட்டுச் செங்கற்பட்டிலிருந்த எங்கள் இல்லத்திற்குத் திரும்பி வந்தான். அவன் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருக்கும் செய்தியை என்னிடம் மட்டுமே கூறியிருந்தான். அன்றே அடுக்களையில் அவனுக்கென்று ஒரு தம்ளரை ஒதுக்கி வைத்தவள் நான்.

அம்மா அவனுக்குப் பிரியமான மிளகு ரசம் வைப்பார். ஒரு வாய் உண்டதும் முகத்தைச் சுளித்து எழுந்துவிடுவான். "என் கைப்பக்குவம் பிடிக்காமற் போயிற்றே" என்று அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்வார். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறாமல் வாயைத் திறந்து காட்டினான். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் படிந்தாற்போல் வெண்மை. துடைத்த இடமோ இரத்தச் சிவப்பு. பிடிவாதம் என்று நாங்கள் எண்ணியது வேதனை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். உண்மையைச் சொன்னதும், அவர் வாயைக்கூடப் பாராமல் அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவரை நான் ஏசிக்கொண்டே வந்தேன். தம்பி அமைதியாகச் சொன்னான்: "அவரைக் கோபித்து என்ன பயன், அக்கா? வீட்டிலும் எனக்குத் தனித் தம்ளர்தானே?"

மறுவாரம் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குச் சென்றோம். 2004 ஏப்ரல் முதல் அங்கே இக்கிருமிக்கான கூட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்பட்டு வந்தன. மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். எதிர்ப்பாற்றல் குறையும்போது, பலர் வாயிலும் இருக்கும் ஒருவகைப் பூஞ்சை பெருகி இவ்வாறு படர்கிறது. தொண்டைக்குள் இறங்கினால் விழுங்குவதே துன்பமாகிவிடும். நாக்கின் ஓரத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைக் கோடுகள், ஆறாத புண்கள், ஈறில் இரத்தக்கசிவு ஆகியவையும் தோன்றக்கூடும். உமிழ்நீர் வற்றினால் பற்கள் விரைவில் சொத்தையாகும். பல வேளைகளில் நோயை முதலில் அறிவிப்பது வாய்தான். பூஞ்சைக்கு மாத்திரை உண்டு; எனினும் கூட்டு மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு எதிர்ப்பாற்றலை மீட்பதே நிலையான பரிகாரம். காலையும் இரவும் மென்மையான தூரிகையால் பல் துலக்குவதும், அடிக்கடி நீர் அருந்துவதும், ஆண்டுக்கு இருமுறை பல் மருத்துவரைக் காண்பதும் அவசியம் என்றார்.

நான் தயங்கியவாறே தம்ளரைப் பற்றிக் கேட்டேன். "எச்சிலால் இது பரவாது அம்மா. ஒரே தட்டில் உண்டாலும் பரவாது" என்றார். தலைகுனிந்தேன்.

அன்றிரவு தம்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் கூறிவிட்டான். நெடுநேரம் அழுத அம்மா, "இந்த வாய்க்கா நான் மிளகு ரசம் ஊற்றினேன்!" என்று சொல்லி, மறுநாள் முதல் காரமின்றிக் குழைந்த கஞ்சியும் மோரும் தந்தார். சில நாட்களில் வெண்மை மறைந்தது. சில மாதங்களில் ரசம் மீண்டும் இலைக்கு வந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம், 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை அது தடை செய்கிறது. ஆயினும் அடுக்களைக்குள் சட்டம் நுழைவதில்லை. அங்கே நாம்தாம் மனம் மாற வேண்டும்.

தம்பி நலமாயிருக்கிறான். அந்தத் தம்ளரோ மற்றவற்றோடு கலந்துவிட்டது. எது அது என்று இன்று எனக்கே தெரியாது.