ஜீப் நல்ல ஜீப்தான், ஸ்டியரிங்தான் ஆடுது

1970 டிசம்பர் 6. பர்மாவில் வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. ஆனா அப்புறம் யாங்கோனில் வந்து குவிந்த பழைய ஜப்பான் கார்களுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஓவர்டேக் பண்ணணும்னா பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்லணும்!

இந்தக் கூத்தில் சிக்காதது, உலகப்போர் விட்டுப்போன வில்லிஸ் ஜீப். பிறவியிலேயே இடப்பக்க ஸ்டியரிங்.

அதுக்கு வேற வியாதி. ஆட்டம்.

ஸ்டியரிங் வீலைப் பிடிச்சு மேலும் கீழுமா அசைச்சா தண்டோட சேர்ந்து ஆடுதா? மேல் பேரிங் தேஞ்சிருக்கு, இல்லேன்னா டாஷ்போர்டுக்கு அடியில கிளாம்ப் தளர்ந்திருக்கு. சுலபமான கேஸ்.

தண்டு கெட்டியா நிக்குது, வீலைத் திருப்பினா மட்டும் முன்சக்கரம் தாமதமா எழுந்துக்குதா? ஒருத்தர் மேல உட்கார்ந்து லேசா இப்படியும் அப்படியும் திருப்பணும். இன்னொருத்தர் அடியில படுத்து, அசைவு எந்த மூட்டோட நின்னுபோகுதுன்னு விரல் வைச்சுப் பார்க்கணும். (அடியில படுக்கிறது எப்பவும் சின்னப் பையன்தான்.) வில்லிஸில் பெரும்பாலும் மாட்டுவது முன் ஆக்ஸில் நடுவில இருக்கிற பெல்கிராங்க், அதாவது திருப்பத்தை சக்கரங்களுக்குக் கடத்துற நெம்புகோல். அதோட அச்சு ஆணி (பின்) தேஞ்சா, மேல எதை மாத்தியும் பிரயோஜனமில்லை.

அதே காலத்து ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜி டிசிக்கும் (1945-49) இந்தப் புகழ் உண்டு. அதில் குற்றவாளி ஸ்டியரிங் பாக்ஸ். நேரா ஓட்டி ஓட்டி நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அந்த ஆட்டத்தைப் போக்க இறுக்கினா, முழுசாத் திருப்பும்போது பிடிச்சுக்கும்.

நடுவில ஆட்டமா, ஓரத்தில இறுக்கமா? டிசிக்காரங்க எதைத்தான் சகிச்சுக்கிறாங்க?