நடுப்பிள்ளைக்கு வேற ஜில்லா

அப்பாயி சொல்லும்: "ரயில் கவுந்தப்ப உங்கப்பன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான்." அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது 1956 நவம்பர் 23. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டது அதற்காகத்தான். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1955 ஜூன் 1. அப்படியென்றால் ரயில் கவிழ்ந்தபோது ஒன்றரை வயசு. ஒன்றரை வயசுப் பிள்ளை ஓடித் திரியும், தவழாது. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொட்டால் வாத்தியாரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜூனிலா பிறந்திருப்பார்கள்? நான் அப்பாயி கட்சி.

*

குடும்ப வம்சாவளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பூட்டனாரின் கிரயப் பத்திரத்தில் "திருச்சிராப்பள்ளி ஜில்லா உடையார்பாளையம் தாலுகா". அந்தக் காலத்தில் அரியலூரும் உடையார்பாளையம் தாலுகாவுக்குள்தான். தாலுகா கச்சேரியோ ஜெயங்கொண்டத்தில்! பெயர் ஓரிடம், கச்சேரி வேறிடம் என்று தெரியாமல் அலைந்தது தனிக்கதை.

1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டம். 2002இல் திரும்பவும் பெரம்பலூரோடு. 2007இல் மறுபடி தனி, அதுவும் நவம்பர் 23ஆம் தேதி. அண்ணன் பிள்ளைகள் மூவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பிறந்தது 1999, 2001, 2004. நடுப்பிள்ளைக்கு மட்டும் வேற ஜில்லா. நூறு வருடம் கழித்துத் தேடுகிறவன் இந்தக் குடும்பம் ஊர் மாறிப் போய்த் திரும்பி வந்தது என்று எழுதுவான்.

*

ஜாதகக் கட்டு ஒன்று: பார்த்திப வருஷம். 1885ஆ, 1945ஆ? அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற கணக்கில் பாட்டனும் பேரனும் ஒரே வருஷத்துக்காரர்கள். பெயரும் ஒன்றே. பாட்டன் பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம். இந்தப் பக்கம் தெருவில் நின்று "பெரியசாமி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

தீர்வை ரசீது: பசலி 1345. 590 கூட்டினால் 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. பூட்டனார் அப்போது உயிரோடு இருந்தார் என்று எழுதிவைத்தேன். மறுநாளே அடித்தேன். செத்தவர் பெயரில் முப்பது வருடம் கூட ரசீது ஓடும். பெயர் மாற்ற யார் நடையாய் நடப்பது?

*

1948 சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அதற்கு முந்திய பத்திரங்களில் பைமாஷ் எண் என்ற பழைய அளவை எண். அதைச் சர்வே எண்ணோடு பொருத்தவே தனி ஆள் வேண்டும். 1980இல் கர்ணம், மணியம் பதவிகள் போயின. எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு வந்தது. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மாமன் பெயர் இருந்தால் "யு.டி.ஆர்.ல தப்பாயிடுச்சு" என்பார்கள். எங்கள் வீட்டுப் பட்டாவிலும் அப்படி ஒன்று உண்டு. அதை நம்பி இரண்டு மாதம் இல்லாத ஒரு பூட்டனைத் தேடினேன்.

*

1860 நவம்பரிலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போய் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளுக்குப் பதிவேடு இருக்கிறது. திருச்சி ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை. டர்பனில் இருக்கிற பேரனுக்குத் தன் பூட்டனின் தழும்பு தெரிகிறது. ஊரை விட்டு நகராத எங்களுக்குப் பூட்டன் செத்த வருஷம் கூடத் தெரியவில்லை. தொலைந்துபோனால் பிடிக்கவேண்டும் என்று இருந்தவர்களைத்தான் அவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

*

அப்பாயியின் மாமியார் எந்தத் தாளிலும் இல்லை. பட்டா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஊர்ப் பேச்சில் "செந்துறையா", பிறந்த ஊரே பெயர். கங்கைகொண்ட சோழபுரத்து ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியின் பெயர் ஆயிரம் வருடம் தாண்டி நமக்குத் தெரிகிறது. அவள் மகன் குலோத்துங்கனுக்குச் சோழ அரியணை வந்தது அவள் வழியாக. சொத்து போகிற வழியில்தான் பெயரும் போகும்போல.

அப்பாயியிடம் நேரே கேட்டேன். "மாமியார் பேரை மருமவ சொல்லலாமா?" என்று வாயை மூடிக்கொண்டது.

போன பொங்கலுக்குப் பரணிலிருந்து அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். கழுத்தோரம் புள்ளி புள்ளியாக எழுத்து. முதலில் "மு.", பிறகு ஒரு பெயர், பிறகு செந்துறை. சீராக வந்த அண்டா. அந்தப் பெயர், அப்பாயி பிடிவாதம் பிடித்து என் தங்கைக்கு வைத்த பெயர். வைத்ததே தவிர, இருபத்தெட்டு வருடமாக அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறது.

"மு." யார் என்று இனிமேல் தேடவேண்டும். அதே சீரில் வந்த குடமும் தவலையும் தங்கை கல்யாணத்தின்போது பழைய பித்தளைக்கு எடை போட்டாயிற்று. உங்கள் வீட்டில் போடுவதாக இருந்தால், கழுத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.