வெந்நீரும் ஐந்நூறாம் அலகும்

தண்ணீர் என்னும் சொல்லுக்குள்ளேயே குளிர்ச்சி உறைந்திருக்கிறது. தண்மையும் நீரும் புணர்ந்து பிறந்த சொல் அது. ஆயினும் நாளடைவில் அது நீர் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டமையால், 'சூடான தண்ணீர்' என்று முரண் எதுவும் உணராமல் பேசி வருகிறோம். சுடவைக்காத நீரைத் தனித்துச் சுட்ட வேண்டி வந்தபோது மக்கள் வழக்கு 'பச்சைத் தண்ணீர்' என்றொரு தொடரை ஆக்கிக்கொண்டது. தண்ணீர், வெந்நீர் இரண்டும் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் காட்டும் எடுத்துக்காட்டுகள். 2022-ஆம் ஆண்டு மார்கழியில் இச்சொற்கள் இலக்கண நூலை விட்டிறங்கி எங்கள் இல்லத்துக் குளியலறைக்குள் வந்து நின்றன.

அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் தமிழ்நாட்டில் புதிய மின்கட்டணம் நடைமுறைக்கு வந்தது. வீடுகளுக்கு இரு திங்களுக்கொரு முறை கணக்கு. முதல் 100 அலகுகள் (மக்கள் நாவில் யூனிட்டுகள்) இலவசம். மொத்தப் பயன்பாடு 500 அலகுக்குள் அடங்குமாயின், அடுத்த 100 அலகுக்கு அலகொன்றுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். பயன்பாடு 500-ஐக் கடந்துவிட்டாலோ, அந்த 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்து அதுவும் 4.50 ஆகிவிடும், 500-க்கு மேற்பட்ட அலகுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக 11 ரூபாய் வரை விலை ஏறும். எனவே 500 அலகு செலவிட்ட இல்லம் 1,725 ரூபாயும் 501 அலகு செலவிட்ட இல்லம் 1,958 ரூபாயும் செலுத்த நேர்ந்தது. ஐந்நூற்றோராம் அலகின் விலை 233 ரூபாய்! இத்தகைய எல்லைக்கோடு பழைய கட்டணத்திலும் இருந்ததே. எனினும் 500 அலகுக்கு 1,130 ரூபாயாக இருந்த தொகை 1,725 ஆனபின்தான் பலருடைய பார்வையும் அக்கோட்டின்மீது ஊன்றியது. 2024 ஜூலையில் விலைகள் மீண்டும் சற்று உயர்ந்தபோதும் கணக்கின் அமைப்பு மாறவில்லை.

டிசம்பர் நடுவில் எங்கள் கணக்கு 538 அலகு என்று வந்தது. கட்டணம் 2,254 ரூபாய். இரவு உணவின்போது அதுவே பேச்சாயிற்று. குளிர்சாதனப் பெட்டி, மோட்டார், கணினி என ஒவ்வொன்றாக எண்ணிக் கடைசியில் கீசரில் வந்து முடிந்தது. அன்னையாரும் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், முழங்கால் மூட்டுவலி உடையவர். அவரிடம் எவரும் ஒன்றும் கூறவில்லை. நான்கு நாள் கழித்தே குளியலறையில் வைகறையில் கேட்கும் கீசர்ச் சுவிட்சின் ஓசை கேட்பதில்லை என்பது புலனாயிற்று. வினவியபோது, “எனக்குப் பச்சத்தண்ணியே போதுங் கண்ணு. வெடியால வாத்துக்கிட்டா ஒடம்புக்கும் நல்லதுதான்” என்றார். கோவை மார்கழியின் விடியற்காலையில், மேல்நிலைத் தொட்டியின் நீரில்!

படிநிலைக் கட்டணத்தின் உள்ளியல்பு அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் நூறு அலகு எவருடையது, எல்லையைக் கடந்த கடைசி அலகு எவருடையது என்று மீட்டர் பிரித்துரைப்பதில்லை. வீடு முழுவதும் அதற்கு ஒரே உடல். ஆகவே கடைசி அலகின் பழியை யாரேனும் ஒருவர் வலிந்து ஏற்றுக்கொள்கிறார். பெரும்பாலும் தமக்கென எதுவும் கேட்கக் கூசுபவரே அவ்வாறு ஏற்கிறார். முன்னாளில் புழக்கடை அடுப்பில் தவலையேற்றித் தென்னை மட்டையும் பாளையும் இட்டு எரித்த காலத்திலும் வெந்நீருக்கு விலை இருந்தது. அதைச் சுள்ளி பொறுக்கியும் புகையுண்டும் பெண்களே செலுத்தினர். சீட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவே.

ஊகத்தால் வரும் பழியை அளவையால்தான் நீக்க இயலும். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். ஓர் அலகு மின்சாரம் ஏறத்தாழ 860 கிலோகலோரி. எங்கள் கீசரின் 25 லிட்டரையும் 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த 875 கிலோகலோரி, அதாவது சற்றேறக்குறைய ஓர் அலகு. ஏனைய கருவிகளை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தோம். அதுவும் அவ்வாறே காட்டியது. ஆனால் ஒருவர் 40 பாகையில் 18 லிட்டர் வாளி நீரில் குளிப்பதற்கு மூன்றிலொரு பங்கு அலகுகூடத் தேவையில்லை. அன்னையார் துறந்த வெந்நீரின் அளவு இவ்வளவே.

எனில் எஞ்சியது எங்கே போயிற்று? சேமிப்புக் கீசரில் வெந்நீர் வெளியேற வெளியேறக் குளிர்நீர் உட்புகும். சுவிட்சு எரிந்துகொண்டிருந்தால், கடைசியாகக் குளித்தவர் வெளியேறிய பின்னும் கீசர் ஒரு கொள்கலன் நீரைச் சுடவைத்துவிட்டே ஓயும். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி மறுநாள் விடிவதற்குள் சுவரிலும் காற்றிலும் கரைந்துவிடும். நாள்தோறும் நேரும் இந்த இழப்பு எவர் உடலையும் தொடாதது.

அதன்பின் இல்லத்தில் ஒழுங்கொன்று அமைந்தது. நால்வரும் இடைவெளியின்றி அடுத்தடுத்துக் குளிப்பது, முதலில் அன்னையார். மூன்றாமவர் நுழையும்போது சுவிட்சை அணைத்துவிடுவது. கொள்கலனில் உள்ளது கடைசி இருவருக்கும் தாராளமாகப் போதும். பூவாளிக் குழாய்க்கு ஓய்வளித்து வாளியும் குவளையும் மீண்டன. வாளிக்குள் இடும் ஹீட்டர் ராடு வாங்கலாம் என்றொரு யோசனையும் எழுந்தது. ஈரக்கையும் முதுமையும் சேருமிடத்தில் மின்கம்பி வேண்டாவென விலக்கினோம். கதிரவன் வெப்பத்தில் நீர் காய்ச்சும் கருவிக்கு வாடகை வீட்டின் மாடி எங்களுடையதன்று.

கீசரின் வெப்பநிலையை மட்டும் 60 பாகையினின்று இறக்கவில்லை. லீஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் வெதுவெதுப்பான தேக்கநீரில் பெருகக்கூடியது. முதியோர் நுரையீரலுக்கு அது பெருங்கேடு. ஆனால் 60 பாகை நீர் நேரே மேனியில் பட்டால் நொடிகளில் புண்ணாகும். எனவே குளிர்நீரை முதலில் வாளியில் நிரப்பி, அதன்பின் வெந்நீரைத் திறக்கிறோம். இக்கலவைக்குத் தமிழில் 'விளாவுதல்' என்று அழகிய வினையே உண்டு. குளிப்பவர் உடல் பொறுக்கும் பதம் அறிந்து விளாவுதல், இல்லத்துப் பெரியோர் கைவழக்கமாக அறிந்திருந்த கலை.

பிப்ரவரியில் கணக்கு 484 அலகு, 1,629 ரூபாய். குறைந்த 54 அலகுக்கு மிச்சம் 625 ரூபாய். அலகுக்குப் பதினொன்றரை ரூபாய்க்கும் மேல். அட்டவணையின் உச்ச விலையையும் மிஞ்சிய ஊதியம். அந்த இரு திங்களில் பெரும்பகுதியும் அன்னையார் நாள்தோறும் வெந்நீரிலேயே குளித்தார் என்பதே நாங்கள் பெரிதென எண்ணும் கணக்கு.

கட்டணம் உயரும்போதெல்லாம் சிக்கனம் பற்றிய பேச்சு ஒவ்வோர் இல்லத்திலும் எழும், எழவும் வேண்டும். அப்பேச்சை முதியோர் செவிபட நிகழ்த்துமுன், மீட்டரின் முன் சென்று ஒரு முறை நின்று பார்ப்பது நன்று. கருவி வீணாக்குவதைக் கருவியிடமே மீட்டுவிடலாம். மனிதர் வாய்திறவாமல் விட்டுக்கொடுத்ததை நாமாகத் தேடிச் சென்றுதான் அறிய வேண்டியிருக்கிறது.