புதியது என்பதால் பிழையற்றதா?



எங்கள் வீட்டுக் கணினி மூன்று வார காலம் எங்களை அலைக்கழித்தது. அது பழுதானதைவிட, அந்நாட்களில் எங்கள் மகனிடம் நாங்கள் நடந்துகொண்ட விதமே இன்றும் மனத்தை உறுத்துகிறது. இதே தொல்லையில் அகப்படும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

மர்ஹூம் தகப்பனார் பினாங்கிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியதால், அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்க முடிவு செய்தோம். கணினியில் இருந்ததோ 4 ஜிபி நினைவகம். பெரிய படங்களைத் திறந்தாலே அது திணறியது. எனவே 8 ஜிபி ராம் ஒன்றை வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது செருகிடத்தில் நாங்களே பொருத்தினோம். திரையில் 12 ஜிபி என்று காட்டியது. வேகமும் கூடியது. மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள் நீலத்திரை தோன்றிக் கணினி தானே மறுதொடக்கம் ஆனது. அடுத்த நாள் ஸ்கேன் செய்யும் மென்பொருள் சொல்லாமல் மூடிக்கொண்டது. ஒருமுறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றும், மறுமுறை 'பேஜ் ஃபால்ட்' என்றும் பிழைச்செய்தி மாறி மாறி வந்தது. சில நாட்கள் எந்தத் தொல்லையும் இராது. நிறையப் படங்களைத் திறந்து வேலை செய்யும்போதுதான் பெரும்பாலும் கவிழ்ந்தது.

பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகன் அதில் ஒரு விளையாட்டை நிறுவியிருந்தான். எங்களுக்கு அது போதுமானதாயிற்று. எதையோ இறக்கி வைரஸைக் கொண்டுவந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டோம்.

"இல்லை வாப்பா, நான் ஒண்ணும் செய்யலை. புதுசாப் போட்ட ராமைக் கழற்றிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்களேன்" என்றான்.

போன வாரம் வாங்கிய பொருளைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று கடிந்துகொண்டோம். கடவுச்சொல்லையும் மாற்றினோம். அதன்பின் அவன் வாதிடவில்லை. கணினி அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு நண்பன் வீட்டுக்குப் போய்வந்தான். உணவு வேளையிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அதனைக் குற்றமுள்ள நெஞ்சின் அடையாளமென்றே எண்ணினோம்.

வைரஸை ஒழிப்பதாகக் கருதி, ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவ முனைந்தோம். கடிதப் படங்களை முன்னதாகவே ஒரு பென் டிரைவில் நகலெடுத்திருந்தோம். நிறுவல் பாதி வழியில் நின்றது. கோப்பு சிதைந்துள்ளது என்றது. மறுபடி முயன்றோம், வேறோரிடத்தில் நின்றது. இப்போது அந்தக் கணினியில் மகனுடைய விளையாட்டு இல்லை. அவன் இறக்கியதாக நாங்கள் கூறிய எதுவும் இல்லை. ஆயினும் பழுது அப்படியே இருந்தது. அப்போதுதான் அவன் சொன்னது எங்களுக்கு உறைத்தது.

அன்றிரவு அவனை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டோம். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை மென்பொருளை நண்பனின் கணினியில் ஒரு பென் டிரைவில் ஏற்றி வந்தான். விண்டோஸ் இல்லாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நினைவகம் முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். இலவசப் பதிப்பு 4 சுற்றுகள் ஓடும். இஷாவுக்குப் பின் ஓடவிட்டு உறங்கச் சென்றோம். சுபுஹுக்கு எழுந்து பார்த்தபோது திரையில் சிவப்பு வரிகள் நிறைந்திருந்தன. நினைவகச் சோதனையில் ஒரு பிழைகூட வரக்கூடாது.

ஆனால் பழுது ராமிலா, செருகிடத்திலா? இரண்டும் வேறு வேகத்தில் இயங்குபவை என்பதால் இணைந்து போகவில்லையா? மகனே வழி சொன்னான்: "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துவோம் வாப்பா." மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்க உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டு, இரண்டையும் கழற்றினோம். பழைய ராமைத் தனியாக இரு செருகிடங்களிலும் வைத்துச் சோதித்தோம்; பிழை இல்லை. புதியதைத் தனியாக வைத்தோம். எந்தச் செருகிடத்தில் வைத்தாலும் பிழை வந்தது. ஐயத்திற்கு இடமின்றிப் புதிய ராமே குற்றவாளி.

திரையைப் படமெடுத்துக் கடையில் காட்டினோம். உத்தரவாதத்தின்படி மாற்றித் தந்தார்கள். மாற்றாக வந்ததையும் ஓர் இரவு முழுக்கச் சோதித்த பின்பே பயன்படுத்தினோம்.

இழப்பும் இருந்தது. சர்வர்களில் பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகம் உண்டு. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை. தவறான ஒரு பிட் கோப்புக்குள் சென்றாலும் யாரும் எச்சரிப்பதில்லை. அந்நாட்களில் சேமித்த கடிதப் படங்களில் சில திறக்கவே இல்லை. சிலவற்றில் பாதிப் பக்கம் சாம்பல் நிறமாக இருந்தது. பென் டிரைவில் நாங்கள் நகலெடுத்ததும் அந்தச் சிதைந்த கோப்புகளைத்தான். மூலக் கடிதங்களைத் தகரப் பெட்டியிலேயே வைத்திருந்ததால் தப்பினோம். ஆகவே, நினைவகத்தின் மேல் ஐயம் எழுந்தால் முதலில் முக்கியமான வேலைகளை நிறுத்திவிடுங்கள். முன்பே எடுத்து வைத்த நல்ல நகலின் மேல் புதிய நகலை எழுதாதீர்கள். கடைசியாக எதை மாற்றினீர்களோ அதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

இதே ஒழுங்கை நாங்கள் மகன் விஷயத்தில் கைக்கொள்ளவில்லை. ராமுக்கு ஓரிரவு முழுவதும் சோதனை வைத்தோம். பெற்ற பிள்ளையை ஒரு நொடியில் தீர்ப்பளித்துத் தண்டித்தோம். கடையில் வாங்கிய பொருளை நம்பிய அளவுகூட அவன் சொல்லை நம்பவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை வாப்பா" என்று மட்டும் சொன்னான். அவன் பழையபடி கலகலப்பாகப் பேச இன்னும் சில நாட்கள் பிடித்தன. சிதைந்துபோன கடிதங்களை அவனே மீண்டும் ஸ்கேன் செய்தான். புதிய கடவுச்சொல்லை இம்முறை அவனையே வைக்கச் சொல்லியிருக்கிறோம்.