ஜெட் துளையும் செம்பு இழையும்

புதுப்பேட்டைச் சந்துகளில், பழைய வண்டி உதிரிகளின் குவியலுக்கு நடுவே, புல்லட் மட்டுமே பார்க்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நான் போன பட்டறையில் ஒரு 350 வாசலில் நின்றது. இன்னொன்றின் காஸ்ட் அயர்ன் இன்ஜின் பலகைமேல் பிரிந்து கிடந்தது. இரண்டும் திருவொற்றியூரில் பிறந்தவை. சிலிண்டர் போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90. நிதானமான அந்தத் துடிப்புக்கு இந்த நீண்ட ஓட்டமும் ஒரு காரணம்.

வாசலில் நின்ற வண்டிக்கு ஐடிலிங் நிற்கவில்லை. பட்டறைப் பெரியவர் கார்பரேட்டரைக் கழற்றியதும் ஜெட்டைத் தொடவில்லை. இன்ஜினோடு சேரும் முகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அழுத்தினார். ஆடியது.

"போல்ட்டை எவனோ கண்டபடி முறுக்கியிருக்கான் தம்பி. வளைஞ்சிருச்சு. இந்தச் சந்துல காத்து இழுத்தா, ஜெட்டை எத்தனை வாட்டி கழுவினாலும் ஐடிலிங் நிக்காது."

கண்ணாடிமேல் எமரி தாளை விரித்து, முகம் முழுக்க ஒரே நிறமாய்த் தெரியும்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பிறகுதான் ஃப்ளோட் கிண்ணம். அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; வண்டி ஓடாமல் நின்றால் கிண்ணத்தின் உலோகத்தை அரிக்கும். ஸ்லோ ஜெட்டின் துளையும் அடைத்திருந்தது. கூட வேலை பார்க்கும் பையன் குண்டூசியை எடுத்தான்; பெரியவர் அதைப் பிடுங்கிப் போட்டார். இரும்பு பட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். அப்புறம் ஜெட்மேல் பொறித்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒயரிலிருந்து செம்பு இழை ஒன்றை உருவிக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததுதான் என்னை அங்கே நிறுத்தி வைத்தது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டுக்குக் கலவையில் எரிபொருள் போதாமல் போகிறது, இன்ஜின் சூடாகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சைலன்சர் குழாயில் உள்ள சென்சார் பார்த்துச் சொல்ல, இன்ஜெக்டர் தானே திருத்திக்கொள்கிறது. பழைய வண்டிக்கு அந்தத் திருத்தத்தை ஓர் ஆள் செய்தாக வேண்டும். பெரியவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினார். நீடில் அவ்வளவு மேலேறும், பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடும். ஓட்டிவிட்டு வந்து மறுபடி பிளக்கைப் பார்த்தார். இளம்பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலைக் கையேடு இந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டதல்ல. கணித்து, மாற்றி, சோதித்து, மறுபடி திருத்தும் இந்த வேலையை 'கைப்பழக்கம்' என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். இதற்குக் கிடைக்கும் கூலியும் அந்த அநியாயத்தில்தான் சேரும்.

பலகைமேல் கிடந்த இன்ஜின் நீலப் புகை விட்டு ஆயில் குடித்த வண்டியுடையது. சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவச் சொன்னார், படி தட்டியது. ரிங் ஏறி நிற்கும் எல்லை அது. அதற்குக் கீழே சுவர் தேய்ந்திருக்கிறது. அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதையும் சேர்த்துத்தான் சிலிண்டரைப் போர் அடிக்க அனுப்புவார். பிஸ்டனை அளக்காமல் போர் அடிப்பவரிடம் இவர் போவதில்லை.

போர் அடித்து வந்த பிறகு இன்னொரு நாள் போனேன். இன்ஜின் பூட்டியாகிவிட்டது, டேப்பட் மட்டும் பாக்கி. பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க, ஆறிய இன்ஜினில் புஷ்ராடை இரு விரலால் பையன் திருகிப் பார்த்தான்.

"சுத்துதா?"

"சுத்துதுண்ணே."

"மேலே கீழே ஆடுதா?"

"இல்லண்ணே."

"அப்ப லாக் நட்டைப் பிடி. பிடிச்சிட்டு இன்னொரு வாட்டி சுத்திப் பாரு. முறுக்கும்போது அளவு மாறிடும்."